தண்டனைக்கும் சிகிச்சைக்கும் நடுவே ஒரு மணி நேரம்

அளவு மீறிக் குடிக்கும் கல்லூரி மாணவரிடம் நாம் நீட்டுவது டி.சி. அல்லது அறிவுரை. இரண்டுக்கும் முன்னால் செய்யக்கூடிய, ஆதாரமுள்ள, செலவு குறைந்த ஒன்று இருக்கிறது.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு தொடங்கிவிடும். பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று விழுப்புரம் மாவட்டத்து ஊர்களைக் கடந்தால் காலாப்பட்டில் மறுபடியும் புதுச்சேரி. கனகசெட்டிகுளம் தாண்டினால் திரும்பவும் தமிழ்நாடு. இந்தச் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் மது வாங்குவதற்கான சட்டபூர்வ வயது மூன்று முறை மாறுகிறது. புதுச்சேரியில் 18, தமிழ்நாட்டில் 21. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகமும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சட்டக் கல்லூரியும் இருக்கின்றன. மேற்கே மயிலம், திண்டிவனம், விழுப்புரம் பக்கம் கலை, பொறியியல், தமிழ்க் கல்லூரிகள். பொம்மையார்பாளையத்தில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கிக் காலாப்பட்டில் படிக்கும் 19 வயது மாணவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தங்கும் ஊரில் அவருக்கு மது விற்பது சட்டமீறல். படிக்கும் ஊரில் அல்ல. வயது வரம்பு, கடை நேரம், எல்லைச் சோதனை என்று சட்டம் செய்யக்கூடிய காரியங்கள் எந்த அளவுக்கு எட்டும், எங்கே நின்றுவிடும் என்பதை இந்தச் சாலையைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் குறைவு.

அந்த மாணவர் அறைக்குள் எவ்வளவு குடிக்கிறார் என்பது சட்டத்துக்குத் தெரியாது. கல்லூரிக்கும் தெரியாது, அல்லது தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கும். விடுதியில் பிடிபட்டாலோ வண்டியோடு விழுந்தாலோதான் விஷயம் வெளியே வரும். அப்போது பெற்றோரை வரவழைப்பது, மன்னிப்புக் கடிதம், இடைநீக்கம், முற்றினால் டி.சி. என்று வரிசையாக நடக்கும். இன்னொரு பக்கம் போதை மறுவாழ்வு மையம் இருக்கிறது. அது குடிக்கு அடிமையாகிவிட்டவர்களுக்கானது. தண்டிக்கும் அளவுக்குப் பிடிபடாத, சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு அடிமையும் ஆகாத பெருங்கூட்டம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அவர்களுக்கென்று நம்மிடம் எந்த ஏற்பாடும் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப உலகம் நாற்பது ஆண்டுகளாகச் சோதித்துப் பார்த்த வழி, குறுகிய ஊக்க ஆலோசனை. ஒன்று முதல் நான்கு அமர்வுகள், தனித்தனியே, திட்டாமல் மரியாதையோடு நடக்கும் பேச்சு. அது அற்புதம் எதையும் செய்வதில்லை. ஆனால் அதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், அதைச் செய்யாமல் இருப்பதற்குக் கல்லூரிகளிடம் நியாயமான காரணம் கிடையாது. இந்தக் கட்டுரையின் வாதம் அவ்வளவுதான்.

ஒரு குவார்ட்டரின் கணக்கு

முதலில் 'அளவு மீறி' என்றால் எவ்வளவு என்பதைப் பார்த்துவிடலாம். நம்மூரில் குடிப்பவர் யாரைக் கேட்டாலும் வரும் பதில் ஒன்றுதான்: 'ஒரு குவார்ட்டர்தாங்க, அதுக்கு மேல போக மாட்டேன்.' குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் கடைகளில் விற்கும் பிராந்தியிலும் ரம்மிலும் ஆல்கஹால் பொதுவாக 42.8 சதவீதம். அதாவது ஒரு குவார்ட்டருக்குள் 77 மில்லி தூய ஆல்கஹால். எடையில் ஏறத்தாழ 61 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் அளவு மீறிய குடி என்று கணக்கில் வைக்கிறது. அப்படியானால் 'ஒரு குவார்ட்டர்தான்' என்று சொல்பவர் எல்லைக்கு இந்தப் பக்கம் இல்லை. எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கிறார். நண்பர் மிச்சம் வைத்த கட்டிங்கைச் சேர்த்துக்கொண்டால் கோட்டையும் தாண்டிவிடுகிறார். பீரும் விதிவிலக்கல்ல. 650 மில்லி பாட்டிலில் சாதாரண பீர் என்றால் சுமார் 26 கிராம். எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 41 கிராம். இரண்டு ஸ்ட்ராங் பீர் ஒரு குவார்ட்டரைவிட அதிகம். 'பீர் மட்டும்தான்' என்பவருக்கு இது தெரிந்திருப்பதில்லை.

இதே கணக்கை வண்டியோடு சேர்த்தால் விபரீதம் புரியும். மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். 60 கிலோ எடையுள்ள இளைஞர் ஒரு குவார்ட்டரை வேகமாக முடித்தால் அந்த அளவு தோராயமாக 150-ஐ நெருங்கும், அதாவது வரம்பைப் போல் ஐந்து மடங்கு. உடல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் குறைக்கும். தூங்கினாலும், மோர் குடித்தாலும், தலைக்குக் குளித்தாலும் இந்த வேகம் கூடாது. நள்ளிரவில் குடித்து முடித்தவர் காலை எட்டு மணி வகுப்புக்கு பைக் எடுக்கும்போது சட்ட வரம்புக்குப் பக்கத்தில்தான் இருப்பார். இரவு குடித்தது இரவோடு போயிற்று என்ற நம்பிக்கை கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலையிலும் உயிரைக் குடிக்கக்கூடியது. 2019-ஆம் ஆண்டில் உலகில் 26 லட்சம் மரணங்களுக்கு மது காரணம் என்று 2024-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 20 முதல் 39 வயதுக்காரர்களின் மரணங்களில் 13 சதவீதத்துக்கு மது காரணம்; வேறு எந்த வயதினரிடமும் இந்தப் பங்கு இவ்வளவு பெரிதில்லை. கல்லீரல் கெட்டுச் சாவதற்கு ஆண்டுகள் பிடிக்கும். சாலை விபத்துக்கும் அடிதடிக்கும் நீரில் மூழ்குவதற்கும் ஒரே ராத்திரி போதும். இளைஞர்கள் அதிகம் சாவது இரண்டாவது வகையில்தான்.

நாட்டளவிலும் நிலை இதுதான். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியர்களில் 14.6 சதவீதம் பேர், சுமார் 16 கோடிப் பேர், குடிக்கிறார்கள். 5.7 கோடிப் பேருக்குக் குடியால் வந்த சிக்கலுக்கு உதவி தேவை. குடிக்கு அடிமையானவர்களிலேயே 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. அடிமையானவர்களுக்கே இதுதான் கதி என்றால், அந்தப் பாதையில் இப்போதுதான் கால் வைத்திருக்கும் மாணவரை யார் தேடிப் போகப்போகிறார்கள்?

என்னதான் பேசுவார்கள்?

இந்த முறைக்கு வித்திட்டவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர். நார்வேயில் தங்கியிருந்தபோது அங்குள்ள இளம் உளவியலாளர்களோடு நடத்திய விவாதங்களிலிருந்து எழுதிய கட்டுரையை 1983-இல் வெளியிட்டார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து 1991-இல் அதை நூலாக்கினார். அதற்கு முன் குடிநோய் சிகிச்சையில் கோலோச்சியது கண்டிப்பு. 'நீ குடிகாரன் என்று ஒத்துக்கொள்' என்று முகத்துக்கு நேரே சொல்லி உடைப்பதுதான் வைத்தியம் என்று நம்பினார்கள். மில்லரும் சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை ஆட்டியது. ஆலோசகர் எந்த அளவுக்கு எதிர்த்து மோதினாரோ, அந்த அளவுக்கு அவரிடம் வந்தவர் ஓராண்டுக்குப் பிறகு அதிகம் குடித்துக்கொண்டிருந்தார். திட்டினால் திருந்துவான் என்பது நம் வீடுகளிலும் ஸ்டாஃப் ரூம்களிலும் ஆழமாக வேரோடிய எண்ணம். ஆதாரம் அதன் பக்கம் இல்லை.

மாற்று எப்படி இருக்கும் என்று கற்பனையாக ஓர் உரையாடலைப் பார்க்கலாம். 'நான் ஒண்ணும் குடிகாரன் இல்ல சார், எல்லாருந்தான் அடிக்கிறாங்க' என்கிறார் மாணவர். 'குடிகாரன்னு யாரும் சொல்லலை தம்பி. அடிக்கிறதுல உங்களுக்குப் பிடிச்சது என்ன?' 'ஃப்ரெண்ட்ஸோட ஜாலியா இருக்கும் சார். டென்ஷன் தெரியாது.' 'சரி. பிடிக்காதது?' கொஞ்சம் யோசித்து, 'மறுநாள் தலையைத் தூக்க முடியாது. லேப் போச்சு. ரெண்டு பேப்பர் அரியர். அம்மா போன் பண்ணா எடுக்கவே ஒரு மாதிரி இருக்கு.' 'ஜாலியா இருக்கு, ஆனா அரியரும் அம்மா போனும் உறுத்துது.' 'ஆமா சார்.' அடுத்து ஆலோசகர் கேட்கிறார்: 'குறைக்கணும்ங்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எத்தனை போடுவீங்க?' 'ஒரு நாலு போடலாம்.' இங்கே பழக்கப்பட்ட வாத்தியார் 'ஏன் நாலுதான்?' என்று அதட்டுவார். பயிற்சி பெற்ற ஆலோசகர் திருப்பிக் கேட்பார்: 'ரெண்டு சொல்லாம ஏன் நாலு சொன்னீங்க?' இப்போது குறைக்க வேண்டியதன் காரணங்களை மாணவரே சொல்லத் தொடங்குகிறார். முறையின் நுட்பம் முழுவதும் இந்த ஒரு திருப்பத்தில் இருக்கிறது. அடுத்தவர் சொன்ன காரணத்தை மறுத்துப் பேசுவது எளிது. தன் வாயால் சொன்ன காரணத்தை மறுப்பது அவ்வளவு எளிதல்ல.

பேச்சோடு ஒரு தாளும் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் சோதித்து உருவாக்கிய 'ஆடிட்' என்ற பத்துக் கேள்விப் படிவத்தை மாணவர் முன்கூட்டியே நிரப்பியிருப்பார். மொத்தம் 40 மதிப்பெண். எட்டைத் தொட்டால் எச்சரிக்கை, 16-ஐத் தொட்டால் ஆலோசனையும் தொடர் கவனிப்பும், 20-ஐத் தொட்டால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஒரே அமர்வில் ஆறு அளவுகளோ அதற்கு மேலோ எத்தனை முறை குடிக்கிறீர்கள் என்று மூன்றாவது கேள்வி கேட்கிறது. பத்து கிராம் ஓர் அளவு என்று கொண்டால் ஆறு அளவு என்பது அச்சு அசலாக நம்மூர்க் குவார்ட்டர். ஆகவே விழுப்புரத்து மாணவரிடம் அந்தக் கேள்வியை 'ஒரு குவார்ட்டரோ அதுக்கு மேலயோ எத்தனை தடவை?' என்று நேராகவே கேட்டுவிடலாம். வந்த பதில்களை வைத்து அவருடைய சொந்தக் கணக்கு அந்தத் தாளில் இருக்கும். வாரத்துக்கு எத்தனை கிராம், மறுநாள் காலை ரத்தத்தில் எவ்வளவு மிச்சம், செலவு எவ்வளவு என்றெல்லாம். ஓர் இரவுக்கு சைட் டிஷ்ஷோடு 300 ரூபாய், வாரம் இரண்டு இரவு என்று வைத்தால் ஐந்து மாத செமஸ்டருக்கு 12,000 ரூபாய். அரசுக் கலைக் கல்லூரியின் ஆண்டுக் கட்டணத்தைவிட இது பெரிய தொகை.

அந்தத் தாளில் இன்னொரு வரியும் இருக்கும்: மற்றவர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பது. தம் கூட்டாளிகள் குடிப்பதை மாணவர்கள் வழக்கமாக மிகையாகவே மதிப்பிடுகிறார்கள் என்பதை அமெரிக்காவில் வெஸ்லி பெர்கின்ஸும் ஆலன் பெர்கோவிட்ஸும் 1986-இல் எடுத்துக்காட்டினார்கள். நம்மூரில் 'எல்லாருந்தான்' என்ற வார்த்தைக்குச் சினிமாவும் ட்ரீட் கலாச்சாரமும் பலம் சேர்க்கின்றன. ஆனால் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்தான். கூச்சத்தில் மறைத்தவர்களைச் சேர்த்தாலும் 'எல்லாரும்' என்பது வெகுதூரம். குடிக்காத மூவர் சத்தம் போடுவதில்லை. அதனால் கண்ணில் படுவதில்லை.

ஆதாரம் என்ன சொல்கிறது?

கல்லூரி மாணவர்களுக்கென்று இந்த முறையை வடிவமைத்தவர் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆலன் மார்லட். 1990-இல் சேர்ந்த மாணவர்களில் அபாய அளவில் குடித்த 348 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முதலாண்டில் ஒரே ஒரு நேர்முக அமர்வு, அடுத்த ஆண்டு தபாலில் ஒரு நினைவூட்டல். இரண்டாண்டு கழித்தும், நான்காண்டு கழித்தும் பார்த்தபோது ஆலோசனை பெற்றவர்களிடம் குடியால் வந்த சிக்கல்கள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. 'பேசிக்ஸ்' என்ற பெயரில் அது கையேடாகி, அமெரிக்கக் கல்லூரிகளில் பரவியது. அந்நாட்டு அரசின் மது ஆய்வு நிறுவனம் கல்லூரிகளுக்காக 2015-இல் தயாரித்த தரவரிசையிலும் நல்ல இடம் பெற்றது. வெறும் விழிப்புணர்வு உரை பயனற்றவை பட்டியலில் இருந்தது. ஆண்டுக்கொரு முறை அரங்கத்தில் உறுதிமொழி எடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் நம் கல்லூரிகள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

ஆனால் இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் அது விளம்பரமாகிவிடும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, இளைஞர்களிடம் நடந்த 84 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் தீர்ப்புச் சொன்னது. ஆலோசனை பெறாதவர் வாரத்துக்குச் சராசரியாக 13.7 அளவு குடித்தால், பெற்றவர் 12.5 அளவு. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் பொருட்படுத்தும் அளவுக்குப் பலன் இல்லை என்றே அவர்கள் முடிவு செய்தார்கள். இதை மறைத்துக்கொண்டு இம்முறைக்கு வக்காலத்து வாங்க முடியாது. என் பதில் இரண்டு. ஒன்று, இது சராசரி. நன்றாகப் பயிற்சி பெற்றவர் நேரில் நடத்தியதும், அரைகுறையாகச் செய்ததும், சிக்கலே இல்லாதவருக்குக் கொடுத்ததும் இதில் கலந்திருக்கின்றன. இரண்டு, சிறிய பலன் என்பதன் மதிப்பு, எவ்வளவு செலவில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஆளுக்கு வாரம் சுமார் ஒன்றேகால் அளவு குறைகிறது என்றால் அது ஒரு மாணவரின் வாழ்க்கையைப் புரட்டிப் போடாது. ஆயிரம் மாணவர்களில் சில விபத்துகளும் சில அடிதடிகளும் நடக்காமல் போகும். யாருடைய விபத்து நடக்காமல் போனது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. அதனால்தான் இத்தகைய வேலைக்கு அரசியல் ஆதரவு கிடைப்பதில்லை.

நமக்கு நெருக்கமான ஆதாரம் கோவாவிலிருந்து வருகிறது. விக்ரம் படேல், அபிஜித் நட்கர்னி ஆகியோரின் குழு, சங்கத் என்ற தொண்டு நிறுவனத்தின் மூலம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, தீங்கான அளவில் குடித்த 377 ஆண்களிடம் இதைச் சோதித்தது. பேசியவர்கள் உளவியலாளர்கள் அல்லர். மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாத, பயிற்றுவிக்கப்பட்ட சாதாரண உள்ளூர்க்காரர்கள். அதிகபட்சம் நான்கு அமர்வுகள். மூன்று மாதத்தில், ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் அபாய வரம்புக்குக் கீழே வந்திருந்தார்கள். பெறாதவர்களில் 26 சதவீதம். முந்தைய பதினான்கு நாட்களில் ஒரு சொட்டும் தொடாதவர்கள் 42-க்கு 18 சதவீதம். லான்செட் இதழில் வெளியான முடிவு இது. ஓராண்டு கழித்தும் பலன் நீடித்ததாக அடுத்த ஆய்வு சொன்னது. அவர்கள் கல்லூரி மாணவர்கள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். தொடர்ந்து குடித்தவர்களிடம் குடிக்கும் அளவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இதை நான் இப்படி வாசிக்கிறேன்: நம் சமூகத்தில் மனம் மாறுபவர் 'அளவாகக் குடிப்பது' என்ற நடுவழியைவிட, விட்டுவிடுவதையே அதிகம் தேர்ந்தெடுக்கிறார். நம்மூரில் இந்த முறையை வகுப்பவர்கள் அதை மனதில் வைக்க வேண்டும்.

எதிர்க் கேள்விகள்

'வயசுக் கோளாறு, வேலைக்குப் போனா தானா சரியாயிடும்' என்பது முதல் ஆட்சேபம். பாதி உண்மை. சியாட்டில் ஆய்விலும் ஆலோசனை பெறாத பிரிவினர் ஆண்டுகள் போகப் போகக் குறைத்துக்கொண்டுதான் வந்தார்கள். ஆனால் சரியாகும்வரை உயிரோடும், அரியர் இல்லாமலும், வழக்கு இல்லாமலும் இருக்க வேண்டுமே. சரியாகாமல் போகிறவர் யார் என்று பத்தொன்பது வயதில் யாராலும் முன்கூட்டிச் சொல்லவும் முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. இந்த மண்ணிலிருந்தே எழுவது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்டோரைப் பலி வாங்கியது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே 2024 அக்டோபர் 2-இல் உளுந்தூர்பேட்டையில் மது ஒழிப்புக்காக மகளிர் மாநாடே கூடியது. நெடுஞ்சாலை ஓரக் கடைகளை அகற்றச் சொல்லி 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் தமிழ்நாட்டு வழக்கறிஞர் ஒருவர் தொடர்ந்த வழக்கில் வந்ததுதான். இந்தப் பின்னணியில், 'அரசே கடை நடத்தி 2023-24-இல் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் எடுக்கிறது. மாணவனை உட்காரவைத்து நீ குறைத்துக்கொள் என்று சொல்வது ஏமாற்று வேலை அல்லவா? கடையை மூடுவதல்லவா தீர்வு?' என்று கேட்பவரை அலட்சியப்படுத்த முடியாது. விலையும் கிடைக்கும் எளிமையும் குடியின் அளவைத் தீர்மானிக்கின்றன என்பது உண்மை. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் நாடுகளுக்குப் பரிந்துரைத்த ஐந்து நடவடிக்கைகளில் விலை உயர்வு, கிடைப்பதற்குக் கட்டுப்பாடு, விளம்பரத் தடை, குடித்து வண்டி ஓட்டுவதைத் தடுத்தல் என்று நான்கு சட்டம் சார்ந்தவை. குறுகிய ஆலோசனையும் சிகிச்சையும் ஐந்தாவது. ஒன்று மற்றதற்கு மாற்று அல்ல. ஆலோசனையைக் காட்டிக் கடைகளை நியாயப்படுத்தும் அரசு தவறு செய்கிறது. மதுவிலக்கு வரும்வரை மாணவரிடம் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்பவரும் அதே தவறைத்தான் செய்கிறார். மேலும், நாளையே தமிழ்நாட்டில் முழு மதுவிலக்கு வந்தாலும் பொம்மையார்பாளையத்திலிருந்து புதுச்சேரி எல்லை பைக்கில் சில நிமிடம். சட்டத்தின் முழுப் பலனும் கிடைத்த பிறகும் இங்கே மிச்சம் இருக்கும் மாணவருக்கு, பேச ஓர் ஆள் வேண்டியிருக்கும்.

மூன்றாவது ஆட்சேபம் நெறி சார்ந்தது. 21 வயது ஆகாதவரிடம் 'குறைத்துக்கொள்' என்று சொல்வது, குடிப்பதை ஒப்புக்கொள்வதாகாதா? ஆலோசகர் 'வாரம் ஒன்று போதும்' என்று சீட்டு எழுதித் தருவதில்லை. எந்த அளவும் பாதுகாப்பானது அல்ல என்ற உண்மையை அவர் சொல்வார். சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்வார். முழுதாக விடுவது உட்பட எல்லா வழிகளையும் முன்னால் வைப்பார். தேர்வு மாணவருடையது. அந்தத் தேர்வில் முழுதாக விட்டுவிடுவதே பெரும்பங்கு வகித்தது என்பதற்குக் கோவாவின் 42 சதவீதம் சாட்சி. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம்கூட, குடித்திருப்பவனிடம் நியாயம் பேசுவது வீண் என்று சொன்ன கையோடு, தான் குடிக்காத வேளையில் இன்னொருவன் குடித்துக் கிடப்பதைப் பார்த்தால் தன் நிலையை எண்ணிப் பார்க்க மாட்டானா என்று கேட்டுத்தான் முடிகிறது. தெளிந்த நேரத்தில், தன்னைத் தானே பார்க்கவைப்பது என்ற யோசனை நமக்கு அந்நியமானதல்ல.

இந்தச் சாலையில் என்ன செய்யலாம்?

ஆள் எங்கே என்ற கேள்விக்குக் கோவா பதில் சொல்லிவிட்டது. ஒவ்வொரு கல்லூரியிலும் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர், வகுப்பு ஆலோசகர், செஞ்சுருள் சங்கப் பொறுப்பாளர் என்று மாணவர்களோடு பழகும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அக மதிப்பெண் போடுகிறவரே ஆலோசகராக இருக்கக் கூடாது. உண்மையைச் சொன்னால் மார்க்கில் கை வைப்பார் என்ற பயம் இருக்கும் இடத்தில் எந்த முறையும் வேலை செய்யாது. இதற்குத் தனி ஆள் வேண்டும். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. மாணவர் தற்கொலை பற்றிய வழக்கில் வந்தது அது. ஆனால் அந்த ஆலோசகருக்குத் தர வேண்டிய முதல் பயிற்சிகளில் இது ஒன்று. சிறு கல்லூரிகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒருவரைப் பகிர்ந்துகொள்ளலாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் எட்டும் தூரத்தில் இருப்பதால் பயிற்சிக்கும் மேற்பார்வைக்கும் வெளியூர் போக வேண்டியதில்லை.

ரகசியம் காப்பது இதன் உயிர்நாடி. ஆலோசகரிடம் சொன்னது முதல்வர் அறைக்கும் வீட்டுக்கும் போகாது என்று எழுத்தில் உறுதி தர வேண்டும்; உயிராபத்து மட்டும் விதிவிலக்கு. விடுதியில் முதல் முறை பிடிபட்டவரை டி.சி.க்குப் பதில் இந்த அறைக்கு அனுப்பலாம். ஆனால் அவர் அங்கே என்ன பேசினார் என்று வார்டன் கேட்கக் கூடாது. வந்தாரா என்று மட்டும் கேட்கலாம். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. கை நடுங்குவது, காலையிலேயே குடிக்கத் தோன்றுவது, நிறுத்தினால் வலிப்போ குழப்பமோ வருவது என்ற அறிகுறி உள்ளவருக்குப் பேச்சு போதாது. அவர் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. மருத்துவரிடம்தான் அனுப்ப வேண்டும். அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' போதை மீட்பு மையங்களைத் தமிழ்நாடு அரசு 2025-இல் தொடங்கியிருக்கிறது. நேரில் போகத் தயங்குபவர் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம்.

தொடக்கம் முதலாண்டில் இருக்க வேண்டும். வீட்டை விட்டு வந்து, அறை நண்பர்கள் அமைந்து, பழக்கம் உருவாகும் முதல் செமஸ்டரில் பெயரில்லாத படிவத்தில் பத்துக் கேள்விகளை எல்லா மாணவர்களிடமும் கேட்டால் கல்லூரிக்கு உண்மை நிலவரம் தெரியும். 'எல்லாருந்தான்' என்ற பேச்சுக்கும் உள்ளூர்ப் புள்ளிவிவரத்தில் பதில் கிடைக்கும். தன் மதிப்பெண்ணைத் தானே கூட்டிப் பார்த்து எட்டைத் தொட்டவர் விரும்பினால் வந்து பேசலாம் என்று கதவைத் திறந்து வைத்தால் போதும். மாணவிகளையும் விட்டுவிடக் கூடாது. கணக்கெடுப்பில் எண்ணிக்கை குறைவு என்றாலும் அவமானத்துக்கு அஞ்சி மறைப்பது அவர்களிடம் அதிகம். ஓராண்டு கழித்து அதே பத்துக் கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும். குறைந்திருந்தால் தொடரலாம். குறையவில்லை என்றால் முறையைத் திருத்தலாம், அல்லது கைவிடலாம். டி.சி. கொடுப்பதில் இல்லாத ஒரு நேர்மை இதில் இருக்கிறது: பலன் உண்டா என்று அளந்து பார்க்க முடியும். எத்தனை பேரை வெளியேற்றினோம் என்ற கணக்கை வைத்திருக்கும் கல்லூரிகள், வெளியேற்றப்பட்டவர்களில் எத்தனை பேர் குடியை விட்டார்கள் என்ற கணக்கை இதுவரை யாரிடமும் காட்டியதில்லை.